மஃரிபுக்குப் பூக்கும் மரம்

மகளின் கொப்பியில் பக்கத்தின் நடுவே அடிமட்டம் வைத்து ஒரு கோடு கிழித்திருந்தது. கோட்டுக்கு இடப்புறம் ‘தாவரம்’, வலப்புறம் ‘விலங்கு’. ஒரு காட்டுப் பூந்தாவரத்தையும் ஒரு விலங்கையும் நேரில் பார்த்து, ஒப்பிட்டு எழுதிவர வேண்டும். ஏழாந் தரப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை. வகுப்பில் பாதிப் பேர் ரோசாவையும் பசுவையும் எழுதிக்கொண்டு போனார்களாம். “ரோசா எந்தக் காட்டில் பூக்கிறது?” என்று கேட்டு ஆசிரியை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த ஆசிரியையைப் பிடித்துப்போயிற்று.

இவள் வலப்புறத்தை மட்டும் உடனே நிரப்பிவிட்டாள்: வௌவால். காரணம் எங்கள் வீட்டு ஜம்பு மரம். காய்க்கிற நாளெல்லாம் விடிந்தால் முற்றம் நிறையச் சக்கை. வௌவால் பழத்தைக் கடித்து, வாய்க்குள் வைத்து நசுக்கிச் சாற்றைக் குடித்துவிட்டு மிச்சத்தைத் துப்பிவிட்டுப் போகும். உம்மா சுபஹு தொழுத கையோடு விளக்குமாற்றை எடுப்பார். கூட்டுகிற ஒவ்வொரு இழுப்புக்கும் வௌவாலுக்கு ஒரு ஏச்சு விழும்.

இடப்புறம் மூன்று நாளாக வெறுமையாகக் கிடந்தது. “வவ்வாலோட வைக்கிற மாதிரி எந்தப் பூ வாப்பா இரிக்கி?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. களப்பில் வலை வீசுகிற, எனக்குப் பழக்கமான காக்கா ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

“கிண்ணையப் பாருங்க தம்பி. ரெண்டும் ஒரே நேரத்துலதான் வேலைக்கி இறங்கும்.”

இப்படித்தான் ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அஸர் தொழுதுவிட்டு, மகளும் நானும் கல்முனையிலிருந்து ஓட்டோ பிடித்தோம். கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கிலிருந்து வயல்களைக் கடந்து வரும்போதே அது காய்ந்து சூடேறி வருகிறது. கண்ணுக்குள் புழுதி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மாலையில் கடலைப் பார்த்து உட்காருவார்கள். நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போனோம்.

எங்கள் கரையின் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு தோப்பே நிற்கும். சாய்ந்தமருது, சாய்ந்து நின்ற ஒரு மருத மரத்தின் பெயர். மருதமுனையிலும் அதே மருது. காரைதீவில் காரைச் செடி. இன்றைக்குச் சாய்ந்தமருதில் இறங்கி மருத மரம் எங்கே என்று கேட்டால் பள்ளிவாசலுக்கு வழி சொல்வார்கள், கடைத்தெருவுக்கு வழி சொல்வார்கள், மரத்துக்கு வழி சொல்ல ஆளில்லை. கிண்ணைக்கும் இப்படி ஒரு ஊர் உண்டு. வடக்கே வாழைச்சேனைக்குப் பக்கத்தில், கிண்ணையடி. வௌவாலின் பெயரில் ஊர் ஏதும் இருக்கிறதா என்று மகள் கேட்டாள். நான் ஓட்டோக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சேனைக்குடியிருப்பைத் தாண்டினால் கிட்டங்கி. நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்கள் கடக்க வேண்டிய தாம்போதி அங்கேதான் இருக்கிறது. மாரியில் தண்ணீர் அதன் மேலால் பாயும். கோடையில் இரு பக்கமும் ஆற்றுவாழை மூடிக் கிடக்கும். மட்டக்களப்பு வாவியின் தெற்கு வால் இது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு வந்து, கல்முனையின் முதுகில் முடிகிறது. நாங்கள் இதை வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்போம், களப்பு என்போம். கடலோடு சேரும் வாய்கள் வடக்கே இருப்பதால் இந்த வாலில் உப்புக் குறைவு. அதோடு, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு வயல்களில் வடிகிற நன்னீரும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறது. உப்பும் நன்னீரும் சண்டை பிடிக்கிற இடம். கிண்ணைக்கு அப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும்.

தோணி ஏறுகிற இடத்தில் ஆற்றுவாழை பூத்திருந்தது. ஊதா நிறம், நடு இதழில் மயிற்கண் போல ஒரு மஞ்சள் பொட்டு. மகள் நின்றுவிட்டாள்.

“வாப்பா, இதுவும் காட்டுப் பூதானே? இதையே எழுதிரலாமே.”

கஷ்டம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் ஆற்றுவாழை தென்னமெரிக்காவைச் சேர்ந்த, அழகுக்காக இங்கே கொண்டுவரப்பட்ட செடி. வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நீர்நிலைகளை மூடத் தொடங்கியதால் 1909 இல் இலங்கையில் அதற்கெதிராகத் தனிச் சட்டமே போட்டார்கள். ஒரு பூவுக்கெதிராகச் சட்டம் போட்ட நாடு. சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பூ இதோ கிட்டங்கியில் நிற்கிறது. இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு அந்தப் பூவின் மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

காக்கா தோணியோடு காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. ஆற்றுவாழையைக் கம்பால் விலக்கி விலக்கித்தான் தோணியை வெளித்தண்ணீருக்குக் கொண்டுபோக முடிந்தது. “கைய வெளிய போடாதீங்க மனே” என்று மகளிடம் ஒருமுறை சொன்னார். முதலை என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. இந்த ஆற்றில் அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

கால் மணித்தியாலத்துக்குப் பிறகு கரை வளைகிற ஓரிடத்தில் கிண்ணை நின்றது. ஒன்று பெரிது, பக்கத்தில் நாலைந்து இளசுகள். வெளிறிய பச்சை இலை; கிளைகள் நுனியில் தொங்கித் தண்ணீரைத் தொட்டன. தூரத்திலிருந்து பார்க்க ஒரு சாதாரண மரம். கிட்டப் போனபோதுதான் அதன் வினோதம் தெரிந்தது. மரத்தைச் சுற்றிச் சேற்றுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான குச்சிகள் வானத்தைப் பார்த்து நின்றன. சில விரலளவு, சில மகளின் இடுப்புயரம். யாரோ கூர்சீவி நட்டுவைத்த வேலி போல இருந்தது.

“இதெல்லாம் வேர்” என்றார் காக்கா.

“வேர் கீழதானே போகும்?”

“இந்த மரத்துக்கு மேல வரும். சேத்துக்குள்ள மூச்சு முட்டும் மனே. அதான் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது.”

பாடப்புத்தகம் இதைச் சுவாச வேர் என்கிறது. களப்புச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. அழுகல் வாடையே அதற்குச் சாட்சி. அதனால் வேர் மேலே வந்து காற்றை உறிஞ்சி, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற திசு வழியாகக் கீழே அனுப்புகிறது. அந்தப் பஞ்சுத் தன்மையால்தான் மனிதனுக்கும் அதில் கண் விழுந்தது. இலங்கையில் பலகாலம் இந்த வேரைச் சீவிப் போத்தலுக்குத் தக்கையாக அடைத்தார்கள். வலைக்கு மிதப்பாகவும் கட்டியதாகக் காக்கா சொன்னார். “இப்ப ரெஜிபோம் வந்திட்டு. கிண்ணை தப்பிச்சிட்டு.”

மகள் கொப்பியைத் திறந்து முதல் வரியை எழுதினாள். தாவரம்: வேர் மேல் நோக்கி இருக்கும். வலப்புறத்துக்கு அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. விலங்கு: தலை கீழ் நோக்கி இருக்கும். எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்று நம்மவர்கள் சொல்வார்கள். கிண்ணை வீட்டுக்கு விருந்து போகிற வௌவால் எப்படித் தொங்கும் என்பதைப் பார்க்கத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

கரையில் சின்ன மேடு ஒன்று இருந்தது. தோணியை மரத்தில் கட்டிவிட்டு அதில் ஏறினோம். மேட்டின் மேலால் ஒரு கிளை தாழ்ந்து வந்திருந்ததால் மொட்டுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க முடிந்தது. பச்சைத் தோல் போன்ற தடித்த புல்லி; சிறு கொய்யாப் பிஞ்சளவு. சிலவற்றில் நுனி மட்டும் கீறல் விட்டிருந்தது. அதே கிளையில் காயும் இருந்தது. தட்டையான உருண்டை, அடியில் புல்லி விரிந்து நட்சத்திரம் போல் ஒட்டியிருக்க, உச்சியில் பூவின் சூலகத் தண்டு காய்ந்த ஈர்க்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. பம்பரத்தைத் தலைகீழாக வைத்த மாதிரி என்றாள் மகள். காக்கா பழுத்த ஒன்றைப் பிளந்து தந்தார். புளிப்பு, கூடவே தயிர் முற்றின வாடை. தெற்கே சிங்கள மக்கள் இதைக் கிரல என்பார்கள். பிசைந்து வடித்துத் தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்துக் குடிப்பார்கள். நல்ல பானம். நம்முடைய பக்கத்தில் யாரும் சீந்துவதில்லை. ஏனென்று கேட்டதற்குக் காக்கா, “நமக்குப் புளி வேணும்டா மரத்துப் புளி இரிக்கே” என்றார். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

பிளந்த பழத்தின் விதைகளை மகள் எண்ணத் தொடங்கி இருநூறோடு விட்டுவிட்டாள். தட்டையாக, கோணலாக, அரிசிக் குறுணையிலும் சிறியவை. அவை தண்ணீரில் மிதந்துபோய், சேறு கண்ட இடத்தில் முளைக்கும். ஆயிரத்தில் ஒன்று தப்பினால் பெரிது. வௌவாலின் கணக்கு வேறு. கிண்ணைக்கு வருகிறது என்று காக்கா சொன்ன சின்ன வௌவால், குறுமூக்குப் பழந்தின்னி, ஆண்டுக்கு இரண்டு முறை ஈனும். ஒவ்வொரு முறையும் ஒரே குட்டி. அதை மார்போடு அணைத்துப் பால் கொடுத்து, பறக்கும்போதும் தூக்கிக்கொண்டு போகும். மரம் பிள்ளைகளை ஆற்றோடு விடுகிறது, வௌவால் பிள்ளையை லேசில் இறக்கிவிடுவதில்லை. கொப்பியில் இது இரண்டாம் வரியாக ஏறியது. ‘பறவையா மிருகமா’ என்ற பழைய கதைக்கும் அந்தப் பால் வரியே பதிலாகிவிட்டது.

காத்திருக்கிற நேரத்தில் காக்கா வேறொரு கதை சொன்னார். ஈஸா நபி களிமண்ணால் ஒரு பறவை உருவம் செய்து ஊத, அல்லாஹ்வின் அனுமதியால் அது உயிர்பெற்றுப் பறந்தது என்று குர்ஆனில் வருகிறது. அது என்ன பறவை என்று குர்ஆன் சொல்லவில்லை. ஆனால் தஃப்ஸீர் எழுதிய முன்னோர் சிலர் அது வௌவால் என்று எழுதியிருக்கிறார்கள். இறகில்லாமல் பறக்கிறது, பல் இருக்கிறது, பால் கொடுக்கிறது. படைப்பிலேயே ஆச்சரியமானது என்பது அவர்கள் சொன்ன காரணம். காக்கா இதைச் சின்ன வயதில் ஓதப் பள்ளியில் கேட்டவர். காலடியில் கிடந்த சேற்றை ஒரு பிடி எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார். “இந்த மாதிரிக் களிதான் போல.” கையை உதறினார். மகள் அந்தச் சேற்று உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்குச் சற்று முன்னர் சூரியன் இறங்கியது. கிழக்கே, வீடுகளுக்குப் பின்னாலிருந்து பாங்கு எழுந்தது. எங்கள் ஊரில் மஃரிப் பாங்கு ஒரு குரலாகக் கேட்காது. கல்முனைக்குடி தொடங்க, சாய்ந்தமருது ஒரு நொடி பிந்த, நற்பிட்டிமுனையிலிருந்து இன்னொன்று, மருதமுனையிலிருந்து வேறொன்று. தண்ணீரின் மேலால் வரும்போது எல்லாம் ஒன்றில் ஒன்று மோதி ஒரே ஓசையாகிவிடும். காக்காவும் நானும் மேட்டில் துண்டை விரித்துத் தொழுதோம். மகளிடம் மொட்டுகளைக் கவனிக்கச் சொல்லியிருந்தேன்.

நேரில் பார்த்து எழுத வந்தவன் நான். நான் மூன்று ரக்அத் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது பூ விரியத் தொடங்கியிருந்தது. அது திறந்த கணத்தைப் பார்த்தவள் அவள்தான். ஆகவே அவள் சொன்னதையே எழுதுகிறேன்: “முதல்ல மொட்டு சும்மா இருந்திச்சி. பிறகு மூடி மாதிரி இருந்தது ஆறாப் பிரிஞ்சி, உள்ள நூல் எல்லாம் சுருண்டு இருந்திச்சி. ஒண்டு எழும்பிச்சி. பிறகு எல்லாம் ஒண்டா எழும்பிட்டு.”

நான் பார்த்தபோது பாதி நூல்கள் நிமிர்ந்து, பாதி இன்னும் சுருளாக இருந்தன. அந்த நூல்கள் மகரந்தத் தாள்கள். அடியில் சிவப்பு, மேலே வெளுப்பு. இதழ் என்று சொல்ல ஆறு மெல்லிய சிவப்பு நாடாக்கள் மட்டும். தாள்களுக்கு நடுவே அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த மரத்துக்கு இதழைக் காட்டி யாரையும் மயக்க வேண்டிய தேவை இல்லை. அதன் விருந்தாளி இருட்டில் வருபவர். அவருக்கு மணமும் கிண்ணம் நிறையத் தேனும் போதும். புல்லியே கிண்ணம்; அதன் அடியில் தேன் ஊறி மினுங்கியது. விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். இனிப்புக் குறைவு, தண்ணீர்த் தன்மை கூட. மணம் மல்லிகைக்காரர்களுக்குப் பிடிக்காது. புளித்த மாவும் ஈர மண்ணும் கலந்த ஏதோ ஒன்று.

ஒரு பூவுக்கு ஒரே இரவு. விடிந்தால் அந்தத் தாள்கள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

டோர்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தோம். வௌவாலுக்குக் கண் கூசக்கூடாது என்று மகளே இரவல் வாங்கி வந்தது. இருட்டு இறங்கி இருபது நிமிடம் போயிருக்கும். முதலில் தலைக்கு மேலே சின்னச் சின்ன நிழல்கள் துடித்தன. அவை பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்கள், கிண்ணையைத் திரும்பியும் பார்க்காதவை. இலங்கையில் ஏறத்தாழ முப்பது வகை வௌவால் இருக்கிறது. அவற்றில் பழமும் தேனும் தின்பவை நான்கே. மிச்சத்தில் பெரும்பாலானவை கொசுவையும் வண்டையும் பிடித்துத் தின்பவை. ஆனால் பழம் தின்கிற நாலின் கெட்ட பெயர் மட்டும் முப்பதுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பிறகு கிளை குலுங்கியது.

சத்தம் இல்லை. ஈரத் துணியை ஒருமுறை உதறினால் எழுகிற அளவு. பூவின் மேல் ஒரு மண்ணிற உருவம் அப்பிக்கொண்டிருந்தது. சிறகை மடித்துப் பூவை அணைத்தபடி, முகம் முழுக்கத் தாள்களுக்குள்ளே. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் போய்விட்டது. இன்னொரு பூவில் இன்னொன்று. மூன்றாவது எங்களுக்கு நேர் மேலே இறங்கியதால் சிவப்பு வெளிச்சத்தில் அதன் முகம் தெரிந்தது. நாய்க்குட்டி முகம், குட்டையான மூக்கு, பெரிய கண். காதின் ஓரத்தில் வெளிர்க் கோடு. சிறகின் விரல் எலும்புகள் தோலினூடாக வெளுத்துத் தெரிந்தன. குறுமூக்குப் பழந்தின்னிதான். மூக்கிலிருந்து நெற்றி வரை மஞ்சள் மா பூசிய மாதிரி இருந்தது.

“கல்யாண வீட்டுக்குப் பவுடர் போட்டுக்கிட்டுப் போற மாதிரி” என்றாள் மகள், குரலை இறக்கி.

அந்த மாதான் மகரந்தம். அதை முகத்தில் சுமந்துகொண்டு அடுத்த மரத்துக் கிண்ணைப் பூவுக்குள் முகத்தைப் புதைக்கும். சேற்றை விட்டு அசைய முடியாத மரம், தன் மாவை இன்னொரு மரத்துக்கு அனுப்பிவைக்கிறது. கூலி, ஒரு மிடறு தேன்.

இந்த உறவை ஆராய்ந்த இடங்களில் ஒன்று தமிழர்களுக்குப் பழக்கமானது. கோலாலம்பூருக்குப் பக்கத்துப் பத்துமலை. தைப்பூசத்துக்குக் காவடி ஏறுகிற அதே குன்றின் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் கூட்டமாக வாழ்கின்றன. மலேசியாவில் அவற்றை ஆராய்ந்த ஸ்டார்ட், மார்ஷல் என்ற இருவர் 1976 இல் எழுதிய கட்டுரையில், அந்த வௌவால்கள் கடற்கரைச் சதுப்பிலிருக்கும் கிண்ணை இனப் பூக்களையும் நாடிப் போகின்றன என்று காட்டினார்கள். அதே வௌவால்தான் டுரியான் மரத்துக்கும் மகரந்தம் கொண்டுபோகிறது. டுரியான் ஆண்டில் சில வாரமே பூக்கும்; மற்ற மாதங்களில் வௌவாலின் வயிற்றைக் கிண்ணை பார்த்துக்கொள்ளும். சதுப்பை வெட்டினால் மலையடிவாரத்து டுரியான்காரனின் வருமானத்தில் கை வைத்ததாகும் என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்தக் குகை வௌவால் இனம் இலங்கையில் இல்லை. இங்கே அந்தத் தொழிலுக்கு வந்திருப்பது ஜம்பு மரத்துக்காரர், உம்மாவிடம் ஏச்சு வாங்குகிறவர்.

அவரைப் பற்றி ஒரு பெருமையான செய்தியும் நம்மவர்கள் கண்டுபிடித்ததுதான். திருநெல்வேலியில், பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியின் பாலசிங் என்பவரும் கூட்டாளிகளும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு அது. இந்த இனத்து ஆண் வௌவால் வீடு கட்டுகிறது. கித்துள் மரத்தின் காய்க்குலைக்குள் புகுந்து நடுச் சரங்களைப் பல்லால் ஒவ்வொன்றாகக் கடித்து உதிர்த்து, மணி கவிழ்த்த மாதிரி ஒரு குழிவை உண்டாக்குகிறது. நெட்டிலிங்க மரத்திலும் கொடிகளிலும் தண்டுகளைக் கடித்து வளைத்துக் கூடாரம் அமைக்கிறது. பல வாரம் பிடிக்கும் வேலை. வீடு முடிந்த பிறகே பெண்கள் குடிவருவார்கள். எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். இந்த ஒப்பீட்டை நான் காக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். மூன்று குமர்களைக் கரைசேர்த்தவர் அவர். இருட்டில் வெகுநேரம் சிரித்தார்.

கண் தெரியாத பிராணி என்று வௌவாலைச் சொல்வதும் இந்த வகைக்குப் பொருந்தாது. இது கண்ணாலும் மூக்காலும்தான் வழி தேடுகிறது. பூச்சி வௌவால் போல வாயால் ஒலி எழுப்பி எதிரொலி கேட்பதில்லை. ஆனால் 2014 இல் போன்மன், பும்ருங்ஸ்ரி, யோவெல் என்ற மூவர் தாய்லாந்தின் பழந்தின்னிகளை இருட்டறையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று இதன் நெருங்கிய தம்பி இனம். அவை சிறகால் ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பி, அதைக் கொண்டு ஓரளவுக்குத் தட்டுத்தடவிப் போவதைக் கண்டார்கள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். தவளைச் சத்தம்தான் கேட்டது. தூரத்தில், தாம்போதியில் ஒரு மோட்டார்சைக்கிள்.

நடுக்கோட்டால் பக்கத்தைப் பிரித்துக்கொண்டு ஒப்பிடச் சொன்னதில் ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பட்டது. மகளுக்கு எனக்கு முன்னமே பட்டிருக்க வேண்டும். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதியவள், “வாப்பா, மகரந்தத்த எந்தப் பக்கம் எழுதுற?” என்று கேட்டாள். மரத்தில் இருந்தால் இடப்புறம். வௌவாலின் மூக்கில் இருந்தால்? “கோட்டுக்கு மேலேயே எழுது” என்றேன். டீச்சர் ஏசுவா என்றாள். எழுதினாள்.

திரும்பும்போது கிழக்கே ஊர் வெளிச்சமாக நின்றது. களப்பின் நடுவிலிருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்று தெரிகிறது. கடலுக்கும் களப்புக்கும் நடுவே நாங்கள் வாழ்கிற நிலம் ஒரு நாடா அகலம். அதில் வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு ஊர்கள். பிள்ளைகளுக்கு வளவு வேண்டும். கடலைத் தூர்க்க முடியாது. அதனால் வயலும் தோணாவும் ஆற்றோரமும் தூர்ந்துகொண்டு வருகின்றன. மண் ஏற்றிய லொறி ஒன்று கவிழ்க்கிற இடத்தில் கிண்ணையின் மூச்சுக் குச்சிகள் புதைந்தால் போதும், மரத்தை யாரும் வெட்ட வேண்டியதில்லை; மூக்கைப் பொத்திய மாதிரி. இதை எழுதுகிற எனது வீடும் ஒரு காலத்துப் பள்ளக்காணியில்தான் நிற்கிறது. ஆகவே யாரையும் நோக்கி விரல் நீட்ட வசதியில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கல்முனை அடங்கும் எங்கள் மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாட்டிலேயே கூடுதலான இழப்பு எங்களுக்குத்தான். அதற்குப் பிறகு கரையெங்கும் சதுப்பு மரம் நடவேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. நட்டார்கள். பெரும்பாலும் கண்டல். அதன் முளை நீண்ட முருங்கைக்காய் போலிருக்கும். சேற்றில் குத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகலாம். கிண்ணையின் குறுணை விதையைக் குத்த முடியாது, படத்திலும் தெரியாது. ருஹுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடெங்கும் 23 நடுகை இடங்களைப் போய்ப் பார்த்து 2017 இல் எழுதினார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தப்பியது 200 சொச்சம். “முளைக்கிற இடத்த மரம் தானா பாத்துக்கும். நாம அந்த இடத்த விட்டுவெச்சாப் போதும்” என்றார் காக்கா. இருபத்துமூன்று இடங்களுக்கும் போகாமலே.

மறுநாள் விடிய அவரே அழைத்தார். ஜும்ஆ நாள், வலைக்குப் போகவில்லை. ஆனாலும் மரத்தடிக்குப் போயிருக்கிறார். தண்ணீரில் சிவப்பும் வெள்ளையுமாக நூல்கள் பாய் விரித்த மாதிரி மிதக்கின்றன, பிள்ளைக்குச் சொல்லுங்க என்றார். கிளையில் புல்லிகள் மட்டும் நட்சத்திரமாக நின்றனவாம், நடுவில் அந்த ஈர்க்கு.

சொல்லலாம் என்று முற்றத்துக்குப் போனேன். உம்மா கூட்டிக் குவித்திருந்த ஜம்புச் சக்கைக்குப் பக்கத்தில் மகள் குந்திக்கொண்டிருந்தாள். ஒரு சக்கையை ஈர்க்கால் குத்தித் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாப்பும்மா, இது ராத்திரி கிண்ணைக்கு வந்த வவ்வாலாத்தான் இருக்கும். இதில மகரந்தம் ஒட்டியிருக்கும், பாருங்களன்.”

உம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018 இல் நிபாக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து வௌவால் கடித்த பழத்தை அவர் தொடவிடுவதில்லை; அந்த விடயத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி.

“அத முதல்ல கீழ போடு புள்ள. போய்ச் சவக்காரம் போட்டுக் கையக் கழுவிக்கிட்டு வா.”

அவள் கழுவப் போனாள். உம்மா குனிந்து, ஈர்க்கில் குத்தியிருந்த சக்கையை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.